பாவங்களை மன்னிக்கும் அதிகாரம்



கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்ற ஒருவரைக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள். நடக்க வேண்டும் என்று வந்தவருக்கு ஆண்டவர் முதலில் அளித்தது பாவமன்னிப்பு (மாற் 2:1-12). கடவுள் ஒருவரே செய்யக்கூடியதை இவர் எப்படிச் செய்யலாம் என்று மறைநூல் அறிஞர் உள்ளத்தில் எண்ணினர். மன்னிப்பது கடவுளின் உரிமை என்பது சரியே. அதே அதிகாரத்தோடு மானிடமகன் தங்கள் முன் நிற்பதைத்தான் அவர்கள் உணரவில்லை.

மனிதரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

"கடவுளிடம் நேரடியாகக் கேட்டால் போதாதா? குருவானவரும் பாவிதானே?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். உயிர்த்த நாளின் மாலையில் ஆண்டவர் தம் சீடர்கள்மேல் ஊதி, தூய ஆவியை அளித்து, மன்னிக்கும் பணியை ஒப்படைத்தார் (யோவா 20:22-23). மூன்று நாள்களுக்கு முன்பு அவரை விட்டு ஓடியவர்கள்தாம் அவர்கள்! குரு பாவநிலையில் இருந்தாலும் அவர் வழங்கும் மன்னிப்பு செல்லும் என 1551-இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் கற்பித்தது.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் உழைக்கும் நமக்கு இது எளிதில் புரியும். தர ஆய்வாளர் இடும் முத்திரை அவருடையதல்ல, கம்பெனியுடையது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: ஆய்வாளர் குறையுள்ள பாகத்தை ஒதுக்கிவிடுவார், ஆண்டவரோ குறையுள்ள நம்மையே ஏற்றுச் சீராக்குகிறார்.

நம் மொழியில் மன்னிப்பு

முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1580-இல், பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் 'கொம்பெசியொனாயரு' கொச்சியில் அச்சானது. தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று, பாவத்தை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லித்தரும் நூல்! தம் பாவத்தைத் தம் சொந்தச் சொற்களில் சொல்லி, மன்னிப்பைத் தம் காதால் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு என்பதை அது காட்டுகிறது.

இன்று நம்மிடையே

நம் தொழிற்பேட்டைகளில் வடமாநிலச் சகோதர சகோதரிகள் பலர் வேலை செய்கின்றனர். தமிழ் தெரியாததால் அவர்கள் ஒப்புரவு அருளடையாளத்தை இழக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவ அறிக்கை செய்யலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 990). கேட்டதை எந்தக் காரணத்திற்காகவும் குரு வெளியிடக் கூடாது. மொழிபெயர்ப்பவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே (எண் 983).

நைட் ஷிப்ட், ஓவர்டைம் காரணமாகச் சனிக்கிழமை மாலை வர முடியாதவர்கள் தயங்காமல் பங்குத்தந்தையிடம் வேறு நேரம் கேட்கலாம். தகுந்த முறையில் கேட்போருக்கு வாய்ப்பளிப்பது அருள்பணியாளர்களின் கடமை (எண் 986).

முடக்குவாதமுற்றவர் தானாக வரவில்லை. நால்வர் சுமந்து வந்தனர். நம் லைனில், நம் அறையில், பல ஆண்டுகளாக இந்த அருளடையாளத்தை நாடாதவர் இருக்கலாம். இந்த வாரம் அவரையும் அழைத்துக்கொண்டு ஆலயத்திற்கு வருவோம். மன்னிக்கும் இறைவன் நம்மோடு இருப்பாராக!