பதினான்கு வளைவுகள்

தாம்பரத்துக்காரர்களாகிய எங்களுக்கு மலை என்றால் பரங்கிமலைதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் முந்நூறு அடி. அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் பக்கம் அண்ணாந்து பார்த்துக் கொள்ளலாம். இவற்றின் பெருமை உயரத்தில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது. இந்தியாவையே அளந்து முடித்த பெரிய நில அளவையின் முதல் கோட்டை லாம்டன் 1802-ல் பரங்கிமலையின் அருகில்தான் சங்கிலி போட்டு அளந்தார். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, அது ஆதி மனிதனின் கற்கருவி என்று கண்டார். இத்தனை பெருமை இருந்தும், இந்தக் குன்றுகள் ஒருவனுக்கு மலையில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பதில்லை.

அதைத்தான் நான் யோசிக்காமல் விட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலை ஆறு மணிக்குக் கார் ஓட்டுகிறவன் எமலோகத்திலும் ஓட்டுவான் என்பது என் அபிப்பிராயம். ஆகவே ஒரு டிசம்பர் விடுமுறையில் என் மனைவி, இரண்டு குழந்தைகள், மனைவியின் அத்தை, ஒரு கூடை நிறைய முறுக்கு ஆகிய சகல பரிவாரங்களோடு உதகமண்டலத்துக்குப் புறப்பட்டேன். மேட்டுப்பாளையம் வரையில் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் நான் ஒரு சாரதியாகத்தான் இருந்தேன். கல்லாறு தாண்டிப் பாக்குத் தோப்புகள் முடிந்த இடத்தில், "கொண்டை ஊசி வளைவு 1/14" என்ற பலகையைப் பார்த்தவுடன் வெறும் மனிதனாகிவிட்டேன்.

இந்தப் பாதையின் கதையை நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தால் ரயிலில் போயிருப்பேன்.

நீலகிரிக்கு முதலில் ஒழுங்கான வழி போட முனைந்தவர் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். அவர் 1819-ல் மலையேறிப் பார்த்தார். பார்த்தவர் அந்தக் குளிரை விட மனமில்லாமல், வழி வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதினார். லெப்டினென்ட் மக்ஃபெர்ஸன் என்பவர் தலைமையில் பயனியர் படையினர் 1821-ல் வேலை தொடங்கி, சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் பாதையை 1823-ல் முடித்தார்கள். பயனியர் என்றால் துப்பாக்கியை விடக் கடப்பாரையை அதிகம் பிடித்த சிப்பாய்கள். பாதை என்றால் குதிரை ஏறும் பாதை. வண்டிப் பாதை அல்ல. குன்னூர் வழி அதற்குப் பிறகு வந்தது. கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830-க்கும் 1832-க்கும் இடையில், அதையும் பயனியர்களே வெட்டினார்கள். அது செங்குத்தாக இருந்தது. மாட்டுக்கும் மனிதனுக்கும் நுரை தள்ளியது. நாம் இன்று போகும் சாலை அதுவல்ல. கர்னல் லா என்பவர் 1871-ல் சரிவைக் குறைத்து, மலையை வளைத்து வளைத்துப் போட்ட புதிய பாதை இது.

வளைவுக்குக் காரணம் வேறொன்றுமில்லை. ஐயாயிரம் அடி ஏற வேண்டும். நேரே ஏறினால் வண்டி ஏறாது. ஆகையால் தூரத்தைக் கொடுத்து உயரத்தை வாங்க வேண்டியிருக்கிறது. ரயிலுக்கு இந்தப் பேரமும் முழுதாகக் கட்டுப்படியாகவில்லை. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற இடத்தில் சக்கரம் வழுக்குமென்று, தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த கம்பியைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கொண்டு ஏறும்படி செய்தார்கள். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் ரயில் போயிற்று. காரின் டயருக்கு அப்படிப் பல் கிடையாது. அதில் இருப்பது ஓட்டுகிறவனின் பல். அது கிட்டித்துக் கொள்வதற்கு மட்டும்தான் பயன்படுகிறது.

நான் பல்லைக் கிட்டித்துக் கொண்டே பர்லியாறு தாண்டினேன். வலது பக்கம் பாறை. இடது பக்கம் மதில் என்ற பெயரில் முழங்கால் உயரக் கல்வரிசை, அதற்கப்பால் ஆகாயம். ஒன்பதாவது வளைவோ பத்தாவதோ, நினைவில்லை. மூடுபனி திடீரென்று இறங்கி, சாலையைத் துடைத்துவிட்டது. அந்த வெண்மைக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் தோன்றின. பஸ். மலைச் சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். பஸ்ஸின் டிரைவருக்கு அது தெரிந்திருந்தது; நின்றுவிட்டார். எனக்குத்தான் தெரியவில்லை. நானும் நின்றேன்.

ஏற்றத்தில் நின்ற காரைக் கிளப்புவது ஒரு தனி வித்தை. கிளட்சை விட்டேன், எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி முயன்றேன், மறுபடி அணைந்தது. இந்த இரண்டு முயற்சியிலும் கார் பின்னோக்கிச் சிறிது நகர்ந்திருந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை'தான் வயிற்றைக் கலக்கியது. குழந்தைகள் பேச்சை நிறுத்திவிட்டன. அத்தை கந்தர் சஷ்டி கவசத்தை ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். என் மனைவி மெதுவாக, "நாங்க இறங்கிடட்டுமா?" என்றாள். கதவைத் திறந்தால் எங்கே கால் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பதில் சொல்லவும் நா எழவில்லை.

அப்போது பின்னால் 'தட்' என்று ஒரு சத்தம். ஜன்னலருகில் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்த ஒரு மனிதர் தோன்றினார். மழையில் சரிந்த மண்ணை வாரிக் கொண்டிருந்த சாலைக் கூலிக்காரர்.

"சக்கரத்துக்குக் கல்லு வெச்சிருக்கேனுங்க. வண்டி எங்கேயும் போகாதுங்க. பதறாம எடுங்க" என்றார்.

எடுத்தேன். கார் ஏறியது. நன்றி சொல்லத் திரும்பிப் பார்ப்பதற்குள் பனி அவரை மூடிவிட்டது. நிறுத்தி இறங்கவும் எனக்குத் தைரியமில்லை. மீண்டும் கிளப்ப வேண்டுமே! அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது இன்று வரை உறுத்துகிறது.

1834-ல் மெக்காலே இந்த மலைக்கு வந்த விதம் எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது. அவர் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கிய சமயம் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் உதகையில் தங்கியிருந்தார். ஆகவே பெங்களூர், மைசூர் வழியாக ஏறக்குறைய நானூறு மைல், பல்லக்கில், மனிதர்களின் தோள் மேலேயே பிரயாணம் செய்தார். பல்லக்குத் தூக்கிகள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறார். அத்தகைய பாட்டுகளில் உள்ளே இருப்பவரின் உடல் கனத்தைப் பற்றிய நையாண்டி இருக்கும் என்று சொல்வார்கள். அவ்வளவு எழுதியவர், தூக்கியவர்களில் ஒருவர் பெயரைக்கூடச் சரித்திரத்துக்கு விட்டுப் போகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மக்ஃபெர்ஸன் பெயர் இருக்கிறது, லா பெயர் இருக்கிறது. கடப்பாரை பிடித்தவர்கள் பெயர் இல்லை.

திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறங்கினோம். அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது சக்கரங்களிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. கடைக்காரர் மூக்கைச் சுளித்து, "பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தீங்களாக்கும்? ஏறின கியரிலேதானுங்க இறங்கோணும்" என்றார். சூடேறிய பிரேக் பிடிக்காமல் போகும் என்பதையும் அவரே விளக்கினார். அரை மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரில் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் இரவு தாம்பரம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை எங்கள் தெருவில். வீட்டு வாசலில் காரை நிறுத்திச் சாவியை எடுத்தேன். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அத்தையை மட்டும் காணோம். வெளியே எட்டிப் பார்த்தால், துளசி மாடத்தின் அருகில் கிடந்த செங்கல்லைக் கொண்டு வந்து, பின் சக்கரத்துக்கு அடியில் வைத்துக் கொண்டிருந்தாள்.