ராத்தல் கணக்கு

பலம் வேண்டும் என்று கிளம்புகிற இளைஞன் முதலில் விசாரிப்பது பெரிய பயில்வானின் அட்டவணையைத்தான். அவர் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தார், எத்தனை படி பால் குடித்தார் என்று கேட்டுக்கொண்டு, மறுநாளே தானும் ஆரம்பித்து விடுகிறான். மூன்றாம் வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்காருகிறான்.

இரும்புத் தடியைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். நமது பஸ்கிக்குப் பாரம் ஏற்றியது போல. தரையில் கிடக்கும் தடியைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். இளவட்டக்கல் தூக்குகிறவன் செய்யும் முதல் காரியமும் ஏறக்குறைய இதுதான். ஆனால் கல்லுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இன்றைக்கு மட்டும் பத்து ராத்தல் குறைந்துகொள் என்றால் கேட்காது. தட்டுகளை மாட்டிக் கழற்றும் தடி வந்த பிறகுதான் எந்த முறையில் பழகுவது என்ற கேள்விக்கே இடம் உண்டாயிற்று.

அதற்குக் கிடைத்த பதில்களில் எனக்குப் பிடித்தது ஒரு ராணுவ டாக்டருடையது. பெயர் தாமஸ் டிலார்ம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிகாகோவில் கார்டினர் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தார். முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் அங்கே படுக்கை படுக்கையாகக் கிடந்தார்கள். இலேசான எடையைப் பல தடவை அசைக்க வைப்பதுதான் அன்றைய வைத்திய வழக்கம். கனத்தைத் தூக்கினால் கெடுதல் என்பது பொதுவான அபிப்பிராயம். டிலார்மோ இளம் வயதில் நோயில் விழுந்து, எடை தூக்கித் தேறியவர். சிப்பாயின் காலில் இரும்புப் பாதரட்சையைக் கட்டி, பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டுபிடித்தார். வாரந்தோறும் சோதித்து அதை ஏற்றிக்கொண்டே போனார். சூம்பிய தொடைகள் திரண்டன. முழங்காலை நீட்டும் அந்தத் தசைதான் ஸ்குவாட்டில் மனிதனைக் கீழிருந்து எழுப்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1945-இல் அவர் எழுதிய கட்டுரையில் பத்துப் பத்தாக மொத்தம் எழுபதிலிருந்து நூறு தடவை வரை தூக்கச் சொன்னார். 1948-இல் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து எழுதியபோது அதை முப்பதாகக் குறைத்துவிட்டார். முதல் பத்து பாதி எடையில், அடுத்த பத்து முக்கால் எடையில், கடைசிப் பத்துதான் முழு எடையில். தாம் அச்சிட்ட கணக்கைத் தாமே வெட்டிக் குறைக்கும் ஆசிரியரை எனக்கு நம்பத் தோன்றுகிறது. பயில்வான்களிடம் இந்தக் குணம் அபூர்வம்!

அவர்களிலும் கணக்குத் தெரிந்தவர்கள் உண்டு. டென்னஸி மாகாணத்து விவசாயி பாப் பீப்பிள்ஸ் 1949-இல் 725 ராத்தலை டெட்லிஃப்டாகத் தூக்கினார். அவர் உடம்பின் எடை அதில் சுமார் கால் பங்குதான். சாதனங்களையெல்லாம் தம் கையாலேயே செய்துகொண்டார். அவரிடம் பழகிய பால் ஆண்டர்சன் பயின்ற விதம் இன்னும் விநோதம். தரையில் ஒரு குழி வெட்டி, அதில் இறங்கி நின்று, மேலே இருக்கும் பெரும் பாரத்தைத் தோள் கொடுத்துச் சிறிது தூரம் மட்டும் எழுப்புவார். சில நாள் கழித்துக் குழியில் கொஞ்சம் மண்ணைத் தள்ளுவார். எடை அதேதான், முழங்கால் மட்டும் முன்னைவிடச் சற்று அதிகம் மடங்க வேண்டும். இப்படியே குழி தூர்ந்து வந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவரும் அர்ஜென்டினாவின் செல்வெட்டியும் சமமாக 500 கிலோ தூக்கினார்கள். உடல் எடை குறைவு என்பதால் தங்கம் ஆண்டர்சனுக்குக் கிடைத்தது. அவரைப் பார்த்துப் பழகியவர்கள் அந்தப் பாரத்தையும் பாலையும்தான் பார்த்தார்கள். மண்வெட்டியைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

1960-இல் இங்கிலாந்தின் ரெஜ் பார்க் ஐந்து ஐந்தாக ஐந்து முறை தூக்கும் திட்டத்தை அச்சிட்டார். முதல் இரண்டு முறை உடம்பைப் பதப்படுத்த. மற்ற மூன்றும் ஒரே எடையில். மூன்றிலும் ஐந்து முழுமையாக வந்தால் மட்டும் எடையை ஏற்றலாம்.

என்னைக் கேட்டால், புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு முதல் சில மாதம் டிலார்மின் முப்பதே போதும் என்பேன். பிறகு ஸ்குவாட்டுக்குப் பார்க்கின் ஐந்து. டெட்லிஃப்டை மட்டும் அத்தனை தடவை வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஸ்குவாட்டில் உழைத்துக் களைத்த அதே இடுப்பும் முதுகும்தான் அங்கேயும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.