முதல் நபர் சுடும் விளையாட்டுகளின் கையடக்க மறுவெளியீடு

ஆடுபவரின் கண் வழியாகவே களத்தைக் காட்டி, அவர் ஏந்திய துப்பாக்கியின் முனையைத் திரையின் கீழ்ப்பகுதியில் நிறுத்தும் கணினி விளையாட்டுகள் முதல் நபர் சுடும் விளையாட்டுகள் எனப்படுகின்றன. எஃப்.பி.எஸ். என்ற சுருக்கப் பெயரே பெருவழக்கு. 1990களில் வெளியான இவ்வகை விளையாட்டுகள் பல, 2017க்குப் பின்னர் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்க கன்சோலுக்காகத் திருத்தப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தன. டூம், குவேக், டூரோக், டியூக் நியூகெம் 3டி, கோல்டன்ஐ 007 ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இவ்வகைக்கு இன்றைய வடிவம் தந்தது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இயங்கிய ஐடி சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம். 1992 மே மாதம் வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டையும், 1993 டிசம்பர் 10 அன்று டூம் விளையாட்டையும் அது வெளியிட்டது. ஒன்பது கட்டங்கள் கொண்ட டூமின் முதல் பாகத்தை யாரும் இலவசமாக நகலெடுத்துக்கொள்ளலாம். மீதியை ஆட விரும்பியவர்கள் பணம் அனுப்பி வாங்கினார்கள். கல்லூரிக் கணினிகள் முதல் அலுவலகக் கணினிகள் வரை அது பரவியதற்கு இந்த ஏற்பாடே காரணம். நிரலை எழுதுவதில் தலைமை வகித்தவர் ஜான் கார்மாக். கட்டங்களை வடிவமைத்தவர்களில் ஜான் ரொமேரோவும் சாண்டி பீட்டர்சனும் முக்கியமானவர்கள்.

டூமில் மேலும் கீழும் குறிபார்க்கும் வசதி கிடையாது. எதிரி உயரமான திட்டில் நின்றாலும் அவன் இருக்கும் திசைக்கு நேராகத் திரும்பிச் சுட்டால் போதும், குண்டு தானாக மேலேறிச் சென்று தாக்கும். அக்காலக் கணினிகளின் வேகத்துக்குள் அடங்க வேண்டிய தேவையில் பிறந்த எளிமை இது. சுட்டியும் விசைப்பலகையும் இல்லாமல் சில பொத்தான்களைக் கொண்டே டூமை முழுமையாக ஆட முடிவதற்கு இதுவே அடிப்படை. முழு முப்பரிமாணத்தில் அமைந்த குவேக் 1996இல் வந்தபோது நிலைமை மாறியது. அதில் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் எதிரிகள் இருந்ததால் சுட்டியின் துல்லியம் தேவைப்பட்டது.

டூமின் மூல நிரலை 1997 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் பொதுவில் வெளியிட்டது. 1999இல் கட்டற்ற உரிமத்தின் கீழும் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் குவேக்கின் நிரலும் வெளியானது. அதுவரை நிறுவனங்கள் பூட்டி வைத்த ஒன்றை ஆர்வலர்கள் திறந்து படிக்கவும் திருத்தவும் முடிந்தது. பழைய விளையாட்டு ஒன்று அதை உருவாக்கிய கணினியின் ஆயுளைத் தாண்டி வாழ வேண்டுமானால் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கையடக்கக் கருவியில் இவற்றைக் கொண்டுவரும் முயற்சி ஸ்விட்ச்சுக்கு வெகு முன்னரே நடந்தது. நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு 2001இல் டூமும், 2002இல் டூம் 2, வுல்ஃபென்ஸ்டைன் 3டி ஆகியவையும் வந்தன. அக்கருவியின் திரை 240க்கு 160 புள்ளிகள் மட்டுமே கொண்டது. தொடக்கத்தில் பின்னொளியும் இல்லாததால், இருண்ட தாழ்வாரங்களே நிறைந்த ஒரு விளையாட்டை வெயிலிலோ மேசை விளக்கின் அடியிலோ பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பதின்பருவத்தினருக்கான சான்றிதழ் பெறுவதற்காக டூமில் எதிரிகளின் இரத்தம் பச்சையாக்கப்பட்டது. சைபர்டீமன் போன்ற பெரிய எதிரிகள் நீக்கப்பட்டன. அந்தக் கருவியின் வரம்புக்குள் அது வியக்கத்தக்க உழைப்புதான். ஆயினும் அசலை அறிந்தவர்களுக்கு அது குறைபட்ட பிரதியாகவே தோன்றியது. பின்னர் வந்த பி.எஸ்.பி. என்ற கையடக்கக் கருவியில் விரலால் நகர்த்தும் குச்சி ஒன்றே ஒன்று இருந்ததால் நடப்பதற்கும் பார்ப்பதற்கும் தனித்தனிக் கட்டுப்பாடு அமையவில்லை.

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இவ்வகை விளையாட்டு வேறு வழியில் வேரூன்றியது. கன்சோல் வாங்கும் வசதி பெரும்பாலான வீடுகளில் இல்லை. திண்டுக்கல், பழனி போன்ற ஊர்களில் 2000களில் பெருகிய பிரவுசிங் சென்டர்களே இளைஞர்களின் விளையாட்டுக்களம் ஆயின. கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுவதும், தனியாக அமர்ந்து ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. ஆடுவதும் அங்கு வழக்கமாயின. நார்வே நாட்டின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2000 டிசம்பரில் வெளியான ஐ.ஜி.ஐ., மேலை நாடுகளைவிட இந்தியாவில்தான் நெடுங்காலம் நினைவில் நின்றது. பணியின் நடுவே சேமித்துக்கொள்ளும் வசதி அதில் இல்லை. இறந்தால் பணியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடியவர்களுக்கு இது கடுமையான விதி.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியதும் இந்தப் பழைய விளையாட்டுகளுக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த அந்த மடிக்கணினிகளில் தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. அன்றைய புதிய விளையாட்டுகள் அவற்றில் ஓடவில்லை. பத்தாண்டுப் பழைய ஐ.ஜி.ஐ.யும் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6உம் ஓடின. பென்டிரைவ் வழியாக அவை கைமாறின. உரிமம் பெற்ற மறுவெளியீடு அல்ல என்றாலும், பழைய விளையாட்டை எளிய கருவியில் தொடர்ந்து ஆடும் பழக்கத்தை ஊருக்கு ஊர் நிலைநிறுத்தியது இதுவே. 2016இல் ஜியோ வந்து கைப்பேசி இணையம் மலிவானபின் பிரவுசிங் சென்டர்கள் பல மூடப்பட்டன.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று வெளியானது. 6.2 அங்குலத் திரை, இரண்டு குச்சிகள், அசைவை உணரும் சுழல் உணரி, தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கி ஆகியவை ஒரே கருவியில் அமைந்தன. அதே ஆண்டு நவம்பரில், 2016இன் புதிய டூம் விளையாட்டை பேனிக் பட்டன் நிறுவனம் ஸ்விட்ச்சுக்கு மாற்றித் தந்தது. படத்தின் தெளிவு குறைந்திருந்தாலும் முழு விளையாட்டும் கைக்குள் ஓடியது. பழைய படைப்புகளை வைத்திருந்த நிறுவனங்களுக்கு அது துணிவு தந்தது.

டூம், டூம் 2, டூம் 3 ஆகிய மூன்றும் 2019 ஜூலை 26 அன்று ஸ்விட்ச்சில் ஒன்றாக வந்தன. முதல் இரண்டின் விலை தலா 5 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தனியாக ஆடும் இருபத்தைந்தாண்டுப் பழைய விளையாட்டைத் தொடங்கவே வெளியீட்டாளரின் இணையக் கணக்கில் நுழைய வேண்டும் என்ற நிபந்தனை கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. விரைவில் அது கட்டாயமற்றதாக்கப்பட்டது. 2020 தொடக்கத்தில் வந்த திருத்தம், நொடிக்கு 35 படச்சட்டங்களில் ஓடிய பழைய டூமை 60 படச்சட்டங்களுக்கு உயர்த்தியது. ரொமேரோ 2019இல் வெளியிட்ட சிகில் உள்ளிட்ட கூடுதல் கட்டங்களை இலவசமாகச் சேர்த்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அகலத்திரைக் காட்சியும், கருவியைச் சாய்த்துக் குறிபார்க்கும் வசதியும் வந்தன. மோசமாகத் தொடங்கிய மறுவெளியீடு ஒன்று திருத்தத்துக்கு மேல் திருத்தம் பெற்று நல்ல பதிப்பாக மாறியதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

இத்துறையில் தனித்துக் குறிப்பிட வேண்டிய நிறுவனம் நைட்டைவ் ஸ்டூடியோஸ். மத்திய அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்த ஸ்டீபன் கிக், தாம் விரும்பிய சிஸ்டம் ஷாக் 2 விளையாட்டை எங்கும் சட்டப்படி வாங்க முடியவில்லை என்பதைக் கண்டு 2012இல் இதைத் தொடங்கினார். அவ்விளையாட்டை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000இல் மூடப்பட்டிருந்தது; உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது. உரிமை யாரிடம் என்று தேடிக் கண்டுபிடிப்பதே மறுவெளியீட்டின் முதல் வேலை என்பதை நைட்டைவின் வரலாறு முழுவதும் காட்டுகிறது. மூல நிரல் கிடைக்காதபோது, ஓடும் விளையாட்டைப் பிரித்து ஆராய்ந்து அதன் இயக்கத்தைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 1997இன் பிளட் விளையாட்டு அப்படித்தான் 2019இல் கணினிக்கு மீண்டது. சாமுவேல் வில்லாரியல் உருவாக்கிய கெக்ஸ் என்ற விளையாட்டுப் பொறி, பழைய விளையாட்டின் நடத்தையை மாற்றாமல் புதிய கருவிகளில் ஓட்ட உதவியது.

டூரோக் 2019 மார்ச்சிலும், டூம் 64 2020 மார்ச் 20 அன்றும் நைட்டைவின் உழைப்பில் ஸ்விட்ச்சுக்கு வந்தன. இவ்வரிசையில் மிகச் செம்மையானது 2021 ஆகஸ்ட் 19 அன்று வந்த குவேக். பழைய விரிவுத்தொகுதிகள், ஸ்வீடனின் மெஷின்கேம்ஸ் புதிதாக வடிவமைத்த கட்டங்கள், டிரெண்ட் ரெஸ்னரின் அசல் இசை, வேறு கருவிகளில் ஆடுபவரோடும் மோதும் வசதி எல்லாம் ஒரே விலையில் கிடைத்தன. முன்பு சுட்டி இல்லாமல் ஆட முடியாது எனக் கருதப்பட்ட குவேக், சுழல் உணரியின் துணையால் கைக்குள் இயல்பாகப் பொருந்தியது: குச்சியால் திரும்பி, மணிக்கட்டின் சிறு அசைவால் குறியைச் சரிசெய்ய முடிந்தது. 2023 ஆகஸ்டில் குவேக் 2உம், 2024 ஆகஸ்டில் டூமும் டூம் 2உம் இணைந்த புதிய பதிப்பும் தொடர்ந்தன. 2019 பதிப்பை வாங்கியவர்களுக்கு இந்தப் புதிய பதிப்பு இலவசம்.

கோல்டன்ஐ 007இன் கதை வேறு. 1997இல் நிண்டெண்டோ 64 கன்சோலுக்காக பிரிட்டனின் ரேர் நிறுவனம் உருவாக்கிய இதை நிரல் சிக்கல் தடுக்கவில்லை. உரிமைச் சிக்கல் தடுத்தது. ரேர் 2002இல் மைக்ரோசாஃப்ட்டின் உடைமையானது, வெளியீட்டாளர் நிண்டெண்டோ, ஜேம்ஸ் பாண்ட் பாத்திரத்தின் உரிமை திரைப்பட நிறுவனங்களிடம். இவர்கள் அனைவரும் ஒத்துக்கொண்ட பின்னரே, 2023 ஜனவரி 27 அன்று ஸ்விட்ச்சின் சந்தா சேவையில் அது வந்தது. ஒற்றைக் குச்சிக்காக அமைந்த கட்டுப்பாடு அப்படியே விடப்பட்டதால், பொத்தான்களை மாற்றி அமைக்காமல் ஆடுவது கடினமாயிருந்தது. குவேக்குக்குக் கிடைத்த அக்கறை இதற்குக் கிடைக்கவில்லை.

ஸ்விட்ச் வெளியானபோது நிண்டெண்டோ இந்தியாவில் அதை அதிகாரப்பூர்வமாக விற்கவில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும் இணையத்திலும் இறக்குமதிக் கருவிகளே கிடைத்தன. மறுவெளியீடுகள் பெரும்பாலும் பதிவிறக்கமாகவே விற்கப்படுவதால், இந்திய வாடிக்கையாளர்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, முன்பணக் குறியீடு வாங்கி விளையாட்டைப் பெற்றனர். இதனால் 5 டாலர் விளையாட்டுக்கும் தொல்லை அதிகம். கருவியின் மின்கலம் 2017 பதிப்பில் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் வரையும், 2019இல் வந்த திருத்திய பதிப்பில் நாலரை முதல் ஒன்பது மணி நேரம் வரையும் நீடித்தது. பழைய விளையாட்டுகள் மின்சாரத்தைக் குறைவாகவே இழுப்பதால், திண்டுக்கல்லிலிருந்து சென்னை எழும்பூருக்கு வைகை எக்ஸ்பிரஸ் எடுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேலான பயணத்திலும் திருத்திய பதிப்பு தாக்குப்பிடிக்கக்கூடியது.

தமிழ்நாட்டார் மிகுதியாக ஆடிய இரண்டு விளையாட்டுகளும் இந்த வரிசையில் இடம்பெறவில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் ஸ்விட்ச்சுக்கு வரவில்லை. ஐ.ஜி.ஐ.யை உருவாக்கிய இன்னர்லூப் நெடுநாள் முன்பே மூடப்பட்டது. அதன் முற்கதையாக 2019இல் அறிவிக்கப்பட்ட ஐ.ஜி.ஐ. ஆரிஜின்ஸ் விற்பனைக்கு வரவேயில்லை. டூம் பெற்ற கவனத்தில் ஒரு பங்கையேனும் பெறத் தகுதியுள்ள விளையாட்டு ஐ.ஜி.ஐ.; வாங்க ஆளில்லை என்ற காரணத்தை இந்தியாவை வைத்து யாரும் சொல்ல முடியாது.

ஸ்விட்ச் 15 கோடிக்கும் மேல் விற்பனையானது. அதன் அடுத்த கருவியான ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வெளியானது. பழைய ஸ்விட்ச்சின் பெரும்பாலான விளையாட்டுகள் அதிலும் ஓடுகின்றன.