மையம் யார்? பிரபஞ்சனின் வரலாற்று நாவல்களும் பாத்திர மனவரைபடமும்

பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, அதைத் தொடர்ந்து வந்து 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகிய இரண்டும் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைக் களமாகக் கொண்டவை. துரைகள், துபாசிகள் (மொழிபெயர்ப்பாளர்களாகவும் இடைத்தரகர்களாகவும் இருந்தோர்), நவாபுகள், வணிகர்கள் என ஆட்கள் திரண்டு வருவதால் வாசகர் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவருக்கு உள்ளூர்க் கதையே ஆனாலும் இந்தத் தடுமாற்றம் இருக்கும். இதற்கு மனவரைபடம் கைகொடுக்கும். ஆனால் வழக்கமான வடிவில் வரைந்தால் அது நாவலைத் தவறாக வாசிக்க வைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் வழியே டோனி புசான் பரப்பிய மனவரைபடத்தில் நடுவே ஒரு கருத்து இருக்கும். மற்றவை அதிலிருந்து கிளை பிரியும். இந்நாவல்களுக்கு அப்படி வரைய முற்பட்டால் நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளையை வைக்கவே கை போகும். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பே நாவல்களின் முதன்மை ஊற்று. எனினும் நடுவில் அவரை வைத்தவுடன், அவர் பார்வையில் பட்டவர்கள் மட்டுமே பெரிதாகத் தெரிவார்கள். ஆளுநர் துய்ப்ளெக்சின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்தவர்; தமிழ் அறிந்தவர்; அவருக்கெனத் தனிச் செல்வாக்கு உண்டு. பிள்ளையின் கிளையாக வரையும்போது அவர் பிள்ளைக்கு இடையூறு செய்பவராக மட்டுமே எஞ்சுகிறார்.

இரண்டாவது சிக்கல் பதவி. துரை (ஆளுநர்) என்பது ஆள் அல்ல, ஒரு நாற்காலி. 1735 முதல் 1741 வரை அதில் துய்மா இருந்தார். 1742இல் துய்ப்ளெக்ஸ் வந்தார். தலைமைத் துபாசிப் பதவியும் இப்படித்தான். பிள்ளைக்கு மாமன் முறையான நைனியப்பப் பிள்ளை அதை இழந்து 1717இல் சிறையில் இறந்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சு சென்று மதம் மாறித் திரும்பி அதை மீட்டார். 1724இல் அவரும் மறைய, கிறித்தவரான கனகராய முதலி 1746இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். வரைபடத்தில் பதவிக்குத் தனிக் கட்டம் போட்டு, அதில் அமர்ந்தவர்களை வரிசையாக இணைத்தால், தனிமனிதப் பகையாகத் தோன்றுவது இரு குடும்பங்களின் தலைமுறைப் போட்டி என்பது விளங்கும்.

மூன்றாவது சிக்கல் காலமும் கோடுகளின் தன்மையும். 2011இல் இலக்கிய ஆய்வாளர் பிராங்கோ மொரெட்டி ‘ஹாம்லெட்’ பாத்திரங்களை வலைப்பின்னலாக வரைந்தார்; இருவர் பேசிக்கொண்டால் ஒரு கோடு. நாடகத்தின் காலவோட்டம் முழுவதும் ஒரே படத்துக்குள் அடங்கியது. அக்கோடுகளுக்கு எடையும் திசையும் இல்லாத குறையை அவரே சுட்டினார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நிகழ்வில் இக்குறை வெளிப்படையாகிறது. பிள்ளை அப்போது ஆளுநரின் ஊழியர். ஊராருக்கோ தங்களில் ஒரு பெரியவர். ஆளுநருக்கும் அவருக்கும் இடையே ஒற்றைக் கோடு போட்டால் விசுவாசம் மட்டுமே தெரியும். ஊராரை நோக்கி இன்னொரு கோடும், இரண்டும் முரண்படுகின்றன என்ற குறிப்பும் இருந்தால்தான் அவருடைய நெருக்கடி புலப்படும்.

இவ்வளவையும் ஏற்றினால் நினைவுக்கு உதவவேண்டிய படமே சுமையாகிவிடாதா? ஒரே தாளில் திணித்தால் ஆகும். 1742, 1746, 1748 என மூன்று தாள்களில், உறவு, பதவி, கடன், மதம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு நிறக் கோடுகள் இட்டால் ஒவ்வொன்றும் எளிமையாகவே இருக்கும். முதல் தாளில் கனகராய முதலியிடம் சென்ற கோடு இரண்டாம் தாளில் அறுபடுகிறது. அந்த வெற்றிடத்தை நோக்கி யார் யார் நகர்கிறார்கள் என்பதே கதையின் விசை.

ஆகவே மனவரைபடத்தை வாசிப்புக்குப் பின் தயாரிக்கும் சுருக்கமாகக் கருதாமல், வாசிக்கும்போதே திருத்திக்கொண்டு போகும் கருதுகோளாகக் கொள்வது தகும். ஒரே நாவலுக்கு ஒரு மாணவர் பிள்ளையையும் இன்னொருவர் ழானையும் நடுவில் வைத்தால் இரண்டில் எது சரி என்று மதிப்பெண் இடுவதைவிட, அந்தத் தேர்வுக்கு நாவலில் என்ன சான்று என்று இருவரையும் எழுதச் சொல்வதே திறனாய்வுப் பயிற்சி.