நாணயத்தாளும் நாணயமும்: ஜிந்துப்பிட்டிச் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இருபொருள் தருவது. அது வழங்கும் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத ஒழுக்கத்தையும் குறிக்கும். பொன்னும் வெள்ளியும் காசாக வழங்கிய காலத்திலே காசின் பெறுமதி பெரும்பாலும் அதன் உலோகத்திலேயே தங்கியிருந்தது. தாட்பணம் தோன்றிய பின்னரோ முதற்பொருள் இரண்டாம் பொருளையே முற்றாகச் சார்ந்து நிற்கலாயிற்று. அச்சிட்ட தாளுக்குத் தன்னளவிற் பெறுமதி இல்லை. அதனை வெளியிட்டவர் வாக்கைக் காப்பார் என்ற நம்பிக்கையே அதன் பெறுமதி.

இத்தகைய தாள்களைத் தேடிச் சேர்ப்பதும், அவை பற்றி எழுதுவதும் பேசுவதும் வெறும் பொழுதுபோக்கு என்றே பலராலும் கருதப்படுகின்றன. ஆயின், சேகரிப்பாளர் பேணி வைக்கும் தாள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் சான்றாக நிற்பது. எத்தாள் பேணப்படுகின்றது, எத்தாள் கைவிடப்படுகின்றது என்பதும் வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கொழும்பு ஜிந்துப்பிட்டி பொருத்தமான ஒரு களமாகும். கொட்டாஞ்சேனைக்கும் செட்டியார் தெருவுக்கும் நடுவே, துறைமுகத்துக்கு அண்மையில் அமைந்துள்ள இப்பகுதி, சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலையும் புனித தோமையார் தேவாலயத்தையும் கொண்ட பழைய தமிழ்க் குடியிருப்பு. இதனின்றும் நடந்து செல்லும் தூரத்திலுள்ள கோட்டைப் பகுதியில் ஐரோப்பிய வங்கிகள் இயங்கின. மறுபுறத்தே, இன்று நகைக்கடைகளுக்குப் பெயர்பெற்ற செட்டியார் தெருவில், நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கிட்டங்கிகள் இயங்கின. இருவேறு கடன் முறைகள், இருவேறு வகையான தாள்கள், இங்கு ஒன்றையொன்று சந்தித்தன.

இலங்கையில் தாட்பணத்தின் வரலாறு ஒல்லாந்தர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1785 இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி இங்கு கடன்தாள்களை வெளியிட்டது. 1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, இத்தாள்களை 50,000 பவுண் வரை பொறுப்பேற்க அவர்கள் உடன்பட்டனர். ஓர் அரசு வீழ்ந்த பின்னும் அதன் வாக்குறுதியைப் புதிய அரசு சுமக்க நேர்ந்தமை ஈண்டு கவனிக்கத்தக்கது.

இதனினும் பெரிய சோதனை 1884 இல் நேர்ந்தது. 1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பிச் செய்கையைப் படிப்படியாக அழித்தது. கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன் வழங்கியிருந்த ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 மே 3 ஆம் நாள் கதவடைத்தது. அக்காலத்தில் நாணயத்தாள்களைத் தனியார் வங்கிகளே வெளியிட்டு வந்தமையால், அவ்வங்கியின் தாள்கள் மக்கள் கையில் வெறுங்கடதாசியாகும் நிலை உருவாயிற்று. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தை அளித்தார். அதே ஆண்டின் 32 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தாள் வெளியிடும் பொறுப்பை அரசாங்கத்திடம் ஒப்படைக்க, 1885 இல் இலங்கை அரசாங்கத்தின் நாணயத்தாள்கள் வழக்குக்கு வந்தன. இன்று சேகரிப்பாளர் தேடும் 'இலங்கை அரசாங்கம்' என்னும் தாள்வரிசை ஒரு வங்கியின் வீழ்ச்சியிலிருந்தே பிறந்தது என்பதை மறத்தலாகாது.

நாணயத்தாளை நுணுகி நோக்குவோருக்கு அது பல செய்திகளைத் தரும். 1942 ஆம் ஆண்டின் ஐந்து சதத் தாளை எடுத்துக்கொள்வோம். அது நடுவே துளைக்கோடிட்டு, இரண்டு சதம், மூன்று சதம் என இரு பகுதிகளாகக் கிழித்துப் பயன்படுத்தத்தக்கதாக அச்சிடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரில் 5 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. யுத்தத்தினால் உலோகத்துக்குத் தட்டுப்பாடு. சில்லறைக் காசு அரிதாயிற்று. கடைக்காரர் பட்ட சில்லறை முட்டுப்பாட்டை நூல்கள் ஒரு வரியில் கூறும். அத்தாளோ அதனைக் கண்முன் நிறுத்தும்.

1951 சனவரி 20 ஆம் நாளிட்ட ஒரு ரூபாத் தாளும் இத்தகையதே. 1948 இல் நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது. 1950 ஓகஸ்ட் 28 இல் மத்திய வங்கியும் தொடங்கப்பட்டுவிட்டது. ஆயினும் தாளின் முகப்பில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் காணப்படுகின்றது. கையொப்பங்களோ நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவினதும், மத்திய வங்கியின் முதல் ஆளுநராகிய அமெரிக்கர் ஜோன் எக்ஸ்ரரினதும் ஆகும். அரசியற் சுதந்திரத்துக்கும் பொருளாதாரச் சுதந்திரத்துக்கும் இடையிலிருந்த தூரத்தை அளப்பதற்கு இதைவிடச் சுருக்கமான ஆவணம் கிடைப்பது அரிது.

மொழி வரலாற்றுக்கும் இத்தாள்கள் சான்றாகின்றன. 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி எனச் சட்டமியற்றப்பட்டது. அதன் பின்னரும் நாணயத்தாளில் தமிழ் எழுத்து நிலைத்திருந்தது. ஆயின் எந்தப் பக்கத்தில், எந்த அளவில், எந்த வரிசையில் அவ்வெழுத்து நின்றது என்பதைத் தாள்தோறும் ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். பாராளுமன்ற உரைகளிற் கிடையாத விடைகள் சில அங்கு கிடைக்கக்கூடும்.

அழிவின் வரலாறும் சேகரிப்பிலேயே தங்கியுள்ளது. 1970 ஒக்டோபர் இறுதியில், நிதியமைச்சர் என். எம். பெரேராவின் காலத்தில், அதுவரை வழங்கிய 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லுபடியாகா என அறிவிக்கப்பட்டது. வரி செலுத்தாது பதுக்கப்பட்ட பணத்தை வெளிக்கொணர்தலே அதன் நோக்கம். குறுகிய தவணைக்குள் தாள்களை ஒப்படைக்காதவர் அவற்றின் பெறுமதியை இழந்தனர். அன்று தப்பிய தாள்களே இன்று ஆய்வாளனுக்கு எஞ்சியுள்ளவை. பயன் முடிந்த தாளை அழிப்பது அரசின் கடமை. அதில் ஒன்றையேனும் காப்பது சேகரிப்பாளனின் தொண்டு.

காத்தல் மாத்திரம் போதாது. காத்ததை எழுதவும் வேண்டும். எச். டபிள்யூ. கொட்றிங்ரன் 1924 இல் வெளியிட்ட இலங்கைக் காசுகளும் நாணயமும் பற்றிய நூல், பி. டபிள்யூ. பெர்னாண்டோ 1939 இல் வெளியிட்ட பிரித்தானியர் கால நாணயம் பற்றிய நூல், எச். ஏ. டி எஸ். குணசேகரா 1962 இல் வெளியிட்ட நாணய முறையின் வளர்ச்சி பற்றிய ஆய்வு ஆகியன இத்துறையின் தூண்கள். மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. உலகளாவிய நிலையில் 1961 இல் சர்வதேச வங்கித்தாட் சங்கம் தோன்றியது. செருமானிய அறிஞர் அல்பேட் பிக் வகுத்த பட்டியல் எண்களே இன்று எல்லா நாட்டுச் சேகரிப்பாளருக்கும் பொதுமொழியாக உள்ளன. திகதி, கையொப்பம், தொடரிலக்கம், வெளிச்சத்திற் பிடித்தால் தெரியும் நீர்க்குறி, அச்சகம், தாளின் நிலை என்னும் ஒழுங்கில் விபரிக்கும் முறை இவர்கள் தந்த கொடையாகும்.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. அரசும் வங்கியும் வெளியிட்ட தாளையே அது 'பணம்' எனக் கொள்ளும். தமிழர் வாழ்வில் பெறுமதியைச் சுமந்து சென்ற வேறு தாள்களும் இருந்தன. செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட உண்டியல், கடல்கடந்து காசு கொண்டு செல்லாமலே காசைக் கொண்டு சேர்த்தது. செட்டிமார் கையொப்பமிட்ட புரோநோட்டை நம்பி ஐரோப்பிய வங்கிகள் கடன் வழங்கின. 1925 இல் செட்டிமாரின் தொழிலகங்கள் சில முறிந்தபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. உள்ளூர் வணிகர் கடனின்றித் தவித்தனர். 1934 இல் பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்தது. 1939 இல் இலங்கை வங்கி நிறுவப்படுவதற்கு அதுவே வழிசெய்தது.

மலையகத்திலோ 'துண்டு' வழங்கியது. தொழிலாளர் குழுவொன்று தோட்டம் மாற விரும்பின், அவர்களது கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோருக்கு அவர்கள் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டாகும். கங்காணி அதனைக் கொண்டு தோட்டந்தோட்டமாகச் சென்று முற்பணம் கேட்டான். தாள் கைமாறுந்தோறும் கடன் பெருகியது. பெருகிய கடன் தொழிலாளி தலையில் விழுந்தது. நாணயத்தாள் ஓர் அரசின் வாக்குறுதியைச் சுமந்தது. துண்டோ மனிதரின் கடனைச் சுமந்தது. 1921 ஆம் ஆண்டின் சட்டம் இதனைத் தடைசெய்தது.

உண்டியலுக்கும் துண்டுக்கும் பட்டியல் எண் இல்லை. அழகிய அச்சோ, மன்னர் உருவமோ அவற்றில் இல்லை. பழைய பெட்டகங்களில் கரையான் அரித்துப் போகும் தாள்கள் பெரும்பாலும் இவையே. 1884 இல் வங்கித் தாளைக் காத்தற்கு ஒரு தேசாதிபதி முன்வந்தார். இவற்றைக் காத்தற்கு முன்வருவோர் எவர் என்பதே இன்று எழும் வினா.

ஆதலால், தாட்பணச் சேகரிப்பில் ஈடுபடும் தமிழ் மாணவர் கருத்திற் கொள்ளவேண்டியன சிலவுண்டு. தாளை மடிக்காமலும் ஒட்டாமலும் கழுவாமலும் பேணுதல் முதலாவது. அது எவரிடமிருந்து, எவ்வூரில், எச்சூழ்நிலையிற் கிடைத்தது எனத் தமிழிற் குறித்து வைத்தல் இரண்டாவது. நாணயத்தாளோடு உண்டியல், புரோநோட்டு, துண்டு, கடைக்கணக்கு ஆகியவற்றையும் ஒரே கோவையிற் சேர்த்து, அவை பற்றிச் சங்கக் கூட்டங்களிற் பேசியும் எழுதியும் வருதல் மூன்றாவது. அப்பொழுதே ஜிந்துப்பிட்டியிலும் செட்டியார் தெருவிலும் வாழ்ந்த மக்களின் பொருளியல் வரலாறு, ஆளுநர்களின் கையொப்பங்களால் மாத்திரமன்றி, அம்மக்களின் கைரேகைகளாலும் எழுதப்படும்.