வைக்காட்டோவின் நூற்றுமூன்று நாட்கள்

கப்பலுக்குக் கேடு விளைப்பன எவை என்று கேட்டால், புயல், பாறை, மூடுபனி என்று சிறுவரும் விடை கூறுவர். ஆனால் பாய்மரத்தின் இடத்தை நீராவி யந்திரம் பெற்ற பின்பு, வேறொரு பகையும் கடலோடிகளுடன் பிரயாணஞ் செய்யத் தொடங்கியது. அஃது யந்திரத்தின் பழுது. புயலும் பாறையும் இன்றியே ஒரு சரக்குக் கப்பல் மூன்று மாதத்துக்கு மேலாக உலகின் கண்ணுக்கு மறைந்து கிடந்த வரலாற்றை இங்கே காண்போம்.

‘வைக்காட்டோ’ என்பது நியூசீலாந்துக் கப்பற் கம்பனியார் 1892 ஆம் ஆண்டிற் கட்டுவித்த நீராவிக் கப்பல். 1882 இல் உறையவைத்த இறைச்சி நியூசீலாந்திலிருந்து முதன்முறையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதன் பின், இரு நாடுகளுக்குமிடையே வாணிபம் பெருகிற்று. இங்கிலாந்தின் கைத்தொழிற் பொருள்களைக் கொண்டு செல்வதும், குளிரூட்டிய இறைச்சியை ஏற்றித் திரும்புவதும் இத்தகைய கப்பல்களின் தொழில். செல்லும் வழி நன்னம்பிக்கை முனையைச் சுற்றியது. முனையைக் கடந்ததும் மேல்காற்று ஓயாது வீசும் தென்கடலில் இறங்கி, கிழக்கு நோக்கி ஓடவேண்டும். கரையும் இல்லை, எதிர்ப்படும் கப்பலும் அருமை.

1899 மே மாதத்தில் இலண்டனை விட்டுப் புறப்பட்ட வைக்காட்டோ, யூன் 5 ஆந் தேதி ஆபிரிக்காவின் தென்கோடியாகிய அகுலாசு முனைக்குத் தெற்கே ஏறக்குறைய 180 மைல் தூரத்திற் சென்றுகொண்டிருந்தது. அங்கே அதன் சுழல் தண்டு முறிந்தது.

இத்தண்டு யாதென்பதைச் சிறிது விளக்குவது நன்று. கப்பலின் நடுவேயுள்ள யந்திரத்தின் ஆற்றலைப் பின்புறத்து விசிறிக்குக் கொண்டு செல்வது நீண்ட உலோகத் தண்டு. அதன் கடைசித் துண்டு கப்பலின் உடலைத் துளைத்து, ஒரு குழாயினூடாக வெளியே சென்று விசிறியைத் தாங்கும். கடல்நீர் எப்பொழுதும் அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும். தண்டின்மேல் வெண்கல உறை முடியும் இடத்தில், இரு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து அரிப்பை உண்டாக்கும். பேரலையிற் கப்பலின் பின்புறம் உயரும்போது விசிறி நீரை விட்டு வெளிப்பட்டு வெறிகொண்டாற்போற் சுழலும். மறுகணம் நீருள் அமிழ்ந்து திடீரெனத் தடைப்படும். இவ்வதிர்ச்சி பல்லாயிரம் முறை நிகழ, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்று வளர்ந்து, ஒருநாள் தண்டு இரண்டாகும்.

யந்திர அறையில் முறிந்தால் அதனை வளையமும் ஆணியும் கொண்டு பிணைக்கலாம். 1892 டிசம்பரில் அத்திலாந்திக்கில் ‘அம்பிரியா’ என்ற பிரயாணிகள் கப்பலின் தண்டு பழுதுற்றபோது, அதன் பொறியியலாளர் இரவுபகலாக உழைத்து அவ்வாறே சீர்செய்து, சொந்த ஆற்றலிலேயே நியூயோர்க் சேர்ந்தனர். ஆனால் கடைசித் துண்டு முறிந்தால் அதனை அணுகுவதே அரிது. துறைமுகத்திலாயின் கப்பலை நீர் வற்றிய துறையில் ஏற்றலாம்; கடலிலாயின் சரக்கை முன்புறம் நகர்த்திப் பின்புறத்தை நீருக்கு மேலே தூக்கவேண்டும். தென்கடலின் மாரிகாலத்து அலைகளிடையே அது நடக்கும் காரியமா?

அக்காலத்துச் சரக்குக் கப்பல்களிற் பெயரளவில் இருந்த பாய்கள் அத்துணைப் பெரிய இரும்பு உடலைச் செலுத்தப் போதா. விசிறியின் ஓட்டமின்றேல் சுக்கானும் பயன்படாது. ஆகவே வைக்காட்டோ காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையெல்லாம் சென்றது. 103 நாட்களில் அது அலைந்த தூரம் ஏறக்குறைய 4,500 மைல். நேர்கோட்டில் அளந்தால் இதிற் பாதியளவே தேறும். முன்னும் பின்னும் வளைந்து சுழன்ற பாதை அது.

கரையிலிருந்தோர் நிலை யாது? குறித்த காலத்திற் சேராத கப்பலை இலண்டனின் லொயிட்சு காப்புறுதி மன்றம் ‘தாமதமானது’ எனக் குறிக்கும். நாள் செல்லச் செல்லக் காப்புறுதிக் கட்டணம் ஏறும். இறுதியில் ‘காணாமற்போனது’ எனப் பதிவாகும். தாமதமான கப்பல் மீண்ட செய்தி வந்தால் மன்றத்துப் பழைய மணி இருமுறை ஒலிக்கும்; அழிந்த செய்தி வந்தால் ஒருமுறை. மாலுமிகளின் இல்லத்தாருக்கோ அம்மணியொலிக்குக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை.

அவ்வாண்டில் இது தனி நிகழ்ச்சியுமன்று. 1899 ஏப்பிரிலில் சிட்னியிலிருந்து நியூசீலாந்தின் பிளவ் துறைக்குப் புறப்பட்ட ‘பேர்த்சயர்’ என்ற சரக்குக் கப்பலின் தண்டும் முறிந்தது. தேடச் சென்ற கப்பல்களின் கண்ணிற் படாது ஆறு வாரத்துக்கு மேலாக மிதந்த அதனை, யூன் 13 ஆந் தேதி ‘தலூன்’ என்ற கப்பல் கண்டுபிடித்தது. அவ்வேளையில் வைக்காட்டோவின் அலைச்சல் தொடங்கி ஒரு வாரமே சென்றிருந்தது.

செப்டெம்பர் நடுவில், ஆபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நடுவே, ‘அசுலூன்’ என்ற நீராவிக் கப்பல் வைக்காட்டோவைக் கண்டது. கயிறு கட்டி ஏறக்குறைய 2,500 மைல் இழுத்து, ஒக்டோபர் 9 ஆந் தேதி மேற்கு அவுஸ்திரேலியாவின் பிறீமந்தில் துறையிற் சேர்த்தது. புயலோ பாறையோ அல்ல, உதவி கேட்க ஒரு குரல் இல்லாமையே அக்கப்பலை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது.

அக்குரல் அதே 1899 ஆம் ஆண்டிலேயே பிறந்துகொண்டிருந்தது என்பது வியப்புக்குரியது. மார்க்கோணி ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கம்பியில்லாத் தந்திச் செய்தி அனுப்பியது அவ்வாண்டிலேதான். இங்கிலாந்தின் குட்வின் மணற்றிட்டருகே நின்ற வெளிச்சக் கப்பல், தன்னை மற்றொரு கப்பல் மோதியபோது அக்கருவியாற் கரையின் உதவியை அழைத்ததும் அவ்வாண்டிலேதான். ஆயினும் இவ்வசதி சரக்குக் கப்பல்களுக்கு விதியாக நெடுங்காலம் சென்றது. 1912 இல் ‘தைத்தானிக்கு’ மூழ்கிய பின்னரே உலகம் விழித்தது. 1,600 தொன்னும் அதற்கு மேற்பட்டதுமான சரக்குக் கப்பல்கள் தந்திக்கருவி வைத்திருத்தல் வேண்டுமென 1929 ஆம் ஆண்டு உடன்படிக்கையே வகுத்தது.

யந்திரப் பழுது இன்று ஒழிந்துவிட்டதா? இல்லை. 2024 மார்ச் 26 ஆந் தேதி, அமெரிக்காவின் போல்றிமோர் துறையிலிருந்து நமது கொழும்புக்குப் புறப்பட்ட ‘டாலி’ என்ற 300 மீற்றர் நீளமான கொள்கலக் கப்பலின் மின்சாரம் இருமுறை அற்றுப்போயிற்று. வைக்காட்டோ அலைந்த நன்னம்பிக்கை முனை வழியாகவே அது வரவிருந்தது, துறைமுகத்தையே தாண்டவில்லை. பாலத்தில் மோத, பாலம் வீழ்ந்து ஆறு தொழிலாளர் மாண்டனர். பெயர்ச்சீட்டொன்று தடுத்தமையால் ஒரு மின்கம்பி தன் இடத்திற் சரியாகப் பொருந்தாதிருந்ததே மின்தடையின் மூலமென விசாரணைச் சபை 2025 நவம்பரிற் கூறிற்று. எனினும் மோதுமுன் கப்பலிலிருந்து எழுந்த அபாயக் குரலைக் கேட்டுக் காவலர் பாலத்து வாகனங்களை நிறுத்தினர். அச்சில நிமிடங்கள் பல உயிர்களைக் காத்தன.

அன்று கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. இன்று பொருந்தாத கம்பி. யந்திரம் எவ்வளவு பெரிதாயினும் அதன் கேடு சிறியதோர் இடத்திலேயே தொடங்குகின்றது. யந்திரத் தொழிலை நாடும் நம் இளைஞர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒவ்வோர் ஆணியையும் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்துத் திருப்தியடைபவனே நல்ல பொறியியலாளன். அவனது கவனத்தையும் மீறிப் பழுது நேர்ந்தால், அதனை மறையாது உடனே பிறர்க்கு உரைப்பது அடுத்த கடமை. வைக்காட்டோவினர்க்கு அவ்வாறு உரைக்க வழியிருக்கவில்லை. நமக்கு இருக்கின்றது.