வைசாக் கடலுக்கு அடியில் யார் யார்?

வைசாக்கில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஆபீஸ் வேலை தவிர இன்னொரு வேலையும் உண்டு. ஊரிலிருந்து வரும் சொந்தபந்தங்களுக்கு கைடு வேலை. சிம்மாசலம், கைலாசகிரி, அரக்கு எல்லாம் முடித்து கடைசியாக ஆர்.கே. பீச்சில் நிறுத்தி வைத்திருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். போன தடவை வந்த என் மச்சான் அதற்குள் குனிந்து நிமிர்ந்து, இரண்டு இடத்தில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்ததும் கேட்டான்: "அத்தான், இதைத்தானே நம்ம ஆளுங்க மூழ்கடிச்சாங்க?"

இல்லை. குர்சுரா நம்முடையது. 1971 போரில் அது இருந்தது அரபிக்கடல் பக்கம். 2001-ல் ஓய்வு பெற்று, 2002 முதல் இங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. மச்சான் கேட்ட காஸி எதிரே தண்ணீருக்குள் கிடக்கிறது. 2017-ல் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு பலரும் இப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் வருவது போல இந்திய நீர்மூழ்கி ஒன்று கடலடியில் போய் காஸியோடு சண்டை போடவும் இல்லை. அது கற்பனை.

ஆனால் நான் சொல்ல வந்தது காஸியைப் பற்றி மட்டும் இல்லை. இந்தக் கரைக்கு எதிரே ஒன்றுக்கு மேற்பட்ட போர்களின் கப்பல்கள் கிடக்கின்றன. நம் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று. கடலடியில் கிடப்பவர்கள் யார் யார் என்று ஒரு முறை முழுக் கணக்கு எடுத்துப் பார்த்தால் என்ன?

முதலில் நம்மூர் வார்த்தை ஒன்று. யாராவது பலே கில்லாடியாக இருந்தால் "அவன் சரியான எம்டன்" என்கிறோம் இல்லையா? அந்த எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அது என்ன செய்துகொண்டிருந்தது? வங்கக் கடலின் வடக்கே, கல்கத்தாவுக்குப் போகும் வழியில், செப்டம்பர் 10-லிருந்து ஒரு வாரத்துக்குள் இன்டஸ், லோவாட், கில்லின், டிப்ளமட், ட்ராபோக், க்ளான் மதீசன் என்று ஆறு சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. ஆனால் ஒரு விஷயம். எம்டனின் கேப்டன் ம்யூலர் ஒவ்வொரு கப்பலிலும் இருந்த ஆட்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தார். பிடித்த கப்பல்களில் கபிங்கா என்ற ஒன்றை மூழ்கடிக்காமல், இந்த ஆட்களை ஏற்றிக் கரைக்கு அனுப்பிவைத்தார். கடலடியில் போனது கப்பலும் சரக்கும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 28 வருஷம் கழித்து இதே கடலில் வந்தவர்கள் அப்படி இல்லை.

1942 ஏப்ரல். சிங்கப்பூர் விழுந்தாயிற்று. ரங்கூன் விழுந்தாயிற்று. மார்ச் 23 அன்று அந்தமானும் ஜப்பான் கையில். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, நகுமோவின் விமானங்கள் கொழும்பு மீது குண்டு போடுகின்றன. அதே நேரத்தில் ஓசாவா என்ற வைஸ் அட்மிரலின் கீழ் இன்னொரு படை சத்தமில்லாமல் வங்கக் கடலுக்குள் நுழைந்திருக்கிறது. ர்யூஜோ என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பல், ஐந்து பெரிய க்ரூசர்கள், கூடவே நாசகாரிக் கப்பல்கள். வேலை ஒன்றே ஒன்று: கிழக்குக் கரையோரம் போகும் சரக்குக் கப்பல்களைத் தீர்த்துக்கட்டுவது.

துரதிர்ஷ்டம் என்னவென்றால், அந்தச் சமயத்தில்தான் கரையோரம் கப்பல்கள் நிறையப் போய்க்கொண்டிருந்தன. கல்கத்தா துறைமுகத்தில் கப்பல்கள் மொத்தமாக நின்றால் விமானத் தாக்குதலில் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் அவற்றைக் கிளப்பி அனுப்பியிருந்தார்கள். பாதுகாப்புக்குப் போர்க்கப்பல் கிடையாது. பிரிட்டிஷ் கடற்படையின் கிழக்குப் பிரிவு மாலத்தீவின் தெற்குக் கோடியில் அட்டு தீவில். வங்கக் கடலில் காவலுக்கு ஆள் இல்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போன மாதிரி.

ஏப்ரல் 6 அன்று ஓசாவா தன் படையை மூன்றாகப் பிரித்தார். ஒன்று வடக்கே பூரி பக்கம், ஒன்று நடுவே, ஒன்று தெற்கே. ஒரிசாவிலிருந்து காக்கிநாடா வரை ஒரே நாளில் வேட்டை. அந்தச் சில நாட்களில் மூழ்கியவை 20-க்கும் மேற்பட்ட கப்பல்கள், ஒரு லட்சம் டன்னுக்கு மேல். பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும் இல்லை. டாக்ஃப்ரெட், ஹெர்மோட், எல்சா மூன்றும் நார்வே நாட்டுக் கப்பல்கள். பியன்வில், எக்ஸ்மூர், செல்மா சிட்டி அமெரிக்கக் கப்பல்கள். டச்சுக்காரர்களுடையதும் உண்டு. அதே நாளில் ர்யூஜோவின் விமானங்கள் வைசாக் துறைமுகத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. இந்தியப் பெருநிலத்தில் விழுந்த முதல் ஜப்பானியக் குண்டுகள் அவைதான். வைசாக் துறைமுகம் திறந்து அப்போது ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை.

இதில் என்னை ரொம்பவும் பாதித்தது இரண்டு கப்பல்களின் கதை. டார்டனஸ் என்ற கப்பல் குண்டு பட்டு, ஓட முடியாமல் நடுக்கடலில் நின்றுவிட்டது. அந்த வழியே வந்த கந்தாரா என்ற இன்னொரு கப்பல் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சென்னை நோக்கிக் கிளம்பியது. எதிரி எங்கோ பக்கத்தில் இருக்கிறான் என்று தெரியும். தனியாக ஓடினால் ஒருவேளை தப்பியிருக்கலாம். இழுத்துக்கொண்டு ஊர்ந்து போனார்கள். மொகாமி, மிகுமா என்ற இரண்டு க்ரூசர்களும் ஒரு நாசகாரியும் வந்து இரண்டையும் சேர்த்தே மூழ்கடித்துவிட்டன. அதே மூன்றும் இந்தோரா என்ற கப்பலையும் முடித்தன.

கந்தாரா, இந்தோரா, இன்னொரு பக்கம் மூழ்கிய மால்டா எல்லாம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள். அவற்றில் அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். மேல்தளத்தில் கயிறு இழுத்தவர்கள், கீழே கொதிகலன் சூட்டில் வேலை செய்தவர்கள், சமையல்கட்டில் இருந்தவர்கள் எல்லாம் நம்மவர்கள். சில்ஹட், நவகாளி, சிட்டகாங், குஜராத், கொங்கண், கோவா என்று பல ஊர்க்காரர்கள். லஸ்கர்கள் என்று ஒரே பெயரில் எல்லோரையும் அடக்கிவிட்டார்கள். துப்பாக்கி பிடிக்காத, சண்டை போடாத, கூலிக்குக் கப்பல் ஏறிய மனிதர்கள். ஒரு கப்பல் அடிபட்டால் முதலில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் அவர்கள் வேலை செய்த இடத்தில்தான்.

இந்த வேட்டை நடந்த வாரத்தில்தான் நம் சென்னையில் ஊரே காலியானது. ஜப்பான்காரன் வந்து இறங்கப் போகிறான் என்று அரசாங்கமே மக்களைக் கிளம்பச் சொன்னது. அலுவலகங்கள் உள்ளூர்களுக்குப் போயின, ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. மிருகக்காட்சிச் சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். நம் தாத்தா பாட்டிகள் "ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ" என்று சொன்ன கதையெல்லாம் இந்த வாரத்தைச் சுற்றித்தான். ஓடியவர்கள் கதை நமக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமான கடலில் செத்தவர்கள் கதை வரவில்லை.

அடுத்தது 1944 பிப்ரவரி 11. கொழும்பிலிருந்து கல்கத்தா போய்க்கொண்டிருந்த கப்பல் வரிசை ஒன்றை வைசாக் அருகே ரோ-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. அஸ்பாலியன் என்ற சரக்குக் கப்பலுக்கு டார்பிடோ அடி. ஆனால் இந்த முறை காவல் இருந்தது. ராயல் இந்திய கடற்படையின் ஜம்னா, ஆஸ்திரேலியாவின் லான்சஸ்டன், இப்ஸ்விச் மூன்றும் திருப்பித் தாக்கின. ரோ-110 மூழ்கியது. உள்ளே இருந்த ஒருவரும் தப்பவில்லை. ஆக, வேட்டையாடிய நாட்டின் பிள்ளைகளும் இதே கடலடியில்தான்.

சரி, இப்போது காஸி. 1945-ல் அமெரிக்கக் கடற்படையில் டயப்ளோ என்ற பெயரில் சேர்ந்த நீர்மூழ்கி இது. 1964-ல் பாகிஸ்தானுக்குப் போனது. கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக் கடல் வரை வந்து வேலை பார்க்கும் தெம்பு அவர்களிடம் இருந்தவற்றில் இதற்கு மட்டும்தான். 1971 நவம்பர் 14 அன்று கிளம்பியது. குறி: நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த்.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். கிழக்குக் கடற்படைத் தலைவராக வைசாக்கில் இருந்தவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். டாக்காவில் நியாஸி சரணடையும் அந்தப் பிரபலமான புகைப்படத்தில் பின்னால் வெள்ளைச் சீருடையில் நிற்பவர். விக்ராந்தை அவர் அந்தமானில் ஒளித்து வைத்தார். வைசாக்கில் விக்ராந்த் இருப்பது போல ஒரு நாடகம் போட்டார். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை வெளியே அனுப்பி, விக்ராந்த் பேசுவது போல வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேச வைத்தார். ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அரிசி, காய்கறியை எல்லாம் ஊருக்குத் தெரியும்படி ஆர்டர் கொடுக்கச் சொன்னார். ஒற்றர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றுதான். (மளிகைச் சாமானை வைத்துப் போர் செய்தவர் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரிந்தால் சொல்லுங்கள்.)

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி வைசாக் கரையில் வெடிச்சத்தம் கேட்டது. காஸி போனது. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களும் போனார்கள். ராஜ்புத் போட்ட ஆழ்நீர்க் குண்டுகளால் என்று நம் கடற்படை சொல்கிறது. அது வைத்த கண்ணிவெடியே வெடித்தது என்று பாகிஸ்தான் சொல்கிறது. உள்ளேயே ஏதோ வெடித்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் நம் கடற்படையின் ஓய்வுபெற்ற அதிகாரிகளிலும் உண்டு. அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த விவாதம் ஓயவில்லை. எப்படிச் செத்தார்கள் என்பதில் சண்டை இருக்கலாம். எங்கே கிடக்கிறார்கள் என்பதில் இல்லை.

2024-ல் ஒரு செய்தி வந்தது. நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு வாகனம் காஸி கிடக்கும் இடத்தைப் படம் பிடித்தது, ஆனால் அதைத் தொடவில்லை, இறந்தவர்களுக்கு மரியாதையாக அப்படியே விட்டுவிட்டார்கள் என்று. டீக்கடையில் எத்தனை பேர் இதைப் பேசினார்கள் என்று தெரியாது. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. ஏன் என்றால், வேறு இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1942-ல் ஜாவா கடலில் மூழ்கிய டச்சு, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை 2016-ல் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது மணலில் பதிந்த பள்ளம். இரும்புக்கும் பித்தளைக்கும் ஆசைப்பட்டு, கப்பலை, உள்ளே இருந்த எலும்புகளோடு சேர்த்து யாரோ அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிரி நாட்டுச் சவப்பெட்டியைத் தொடாமல் விடுவது சின்ன காரியம் இல்லை.

ஆனால் அதே மரியாதையில் ஒரு பங்கு கந்தாராவுக்கும் மால்டாவுக்கும் கிடைத்திருக்கிறதா? ஆர்.கே. பீச்சில் 1971 வெற்றிக்கு 1996-ல் எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். 1942-ல் செத்த மாலுமிகளுக்கு இந்தக் கடற்கரையில் ஒரு கல்லை நான் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்து, கல்லறையும் இல்லாத இந்தியக் கப்பல்காரர்கள், கடற்படை ஆட்களும் சரக்குக் கப்பல் ஆட்களுமாக 6,000-க்கும் மேற்பட்டவர்கள், பெயர்கள் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பிரதி மும்பையில் மாலுமிகள் விடுதி ஒன்றில். இன்னொன்று சிட்டகாங்கில். பெயர்கள் தொலைந்து போகவில்லை. அவர்கள் செத்த கடலுக்குப் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

2020 அக்டோபரில் புயல் காற்றில் பங்களாதேஷ் சரக்குக் கப்பல் ஒன்று வைசாக் தென்னேட்டி பார்க் அருகே கரை தட்டியது. ஊரே திரண்டு போய் போட்டோ எடுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியும் கப்பலுக்குக் கூட்டம் கூடும். தெரியாத கப்பலுக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

பெரிய மண்டபம் எல்லாம் வேண்டாம். கடலைப் பார்த்தபடி ஒரு கல். அதில் 1942 ஏப்ரல் 6 என்ற தேதி, மூழ்கிய கப்பல்களின் பெயர்கள், தெலுங்கிலும் வங்காளத்திலும் இரண்டு வரி. மாநகராட்சியோ துறைமுகமோ மனசு வைத்தால் ஒரு மாத வேலை. கந்தாரா டார்டனஸை இழுத்துக்கொண்டு போன கதையை அந்தக் கல்லின் பின்பக்கம் எழுதினால், பீச்சில் சுண்டல் தின்னும் பிள்ளைகள் படித்துவிட்டு அப்பாவிடம் ஏதாவது கேட்கும். அப்பாக்களுக்கும் பதில் தெரிந்திருக்கும்.